நாயைப் பிடித்திருந்தவர் பேர் என்ன?

அவளை அந்தப் பகுதியில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நேரில் பார்த்தால் "மேடம்", முதுகுக்குப் பின்னால் "பேர்விலாசம்". காலையில் பூங்காவைச் சுற்றி நாயோடு நடக்கிறவர்களில் யாராவது ஒருவர் அந்தச் சாம்பல் நிறச் சட்டையைத் தூரத்தில் பார்த்துவிட்டால் போதும், "பேர்விலாசம் வருதுடோய்!" என்று குரல் கொடுத்துவிடுவார். அடுத்த நிமிஷம், கழுத்தில் நகராட்சி உரிம வில்லை இல்லாத நாய்களும் அவற்றின் சொந்தக்காரர்களும் எந்தச் சந்தில் புகுந்து மாயமானார்கள் என்று கண்டுபிடிக்கவே முடியாது.

நகராட்சியின் நாய்ப் பிரிவில் அவள் ஆய்வாளர். ஆசைப்பட்டுப் போன வேலை இல்லை. அதற்கு முன்னால் குடிநீர்ப் புகார்ப் பிரிவில் ஃபோன் எடுத்துக்கொண்டிருந்தாள். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று கத்துகிறவர்களுக்கெல்லாம் "வந்துரும் சார், வந்துரும்" என்று சொல்லிச் சொல்லியே குரல் தேய்ந்து பஞ்சாகியிருந்தது. அப்போதுதான் நாய் வளர்ப்புக்கான புதிய சட்டம் வந்தது. அதை நடத்த ஓர் ஆள் தேவைப்பட்டது. நாய்க்குப் பயந்தவர்கள் எல்லாரும் கழன்றுகொண்டார்கள். நாயை விரும்புகிறவர்களோ, நாய்க்காரர்களிடம் கெட்ட பேர் வாங்க மாட்டோம் என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

சூப்பிரண்டு அவளைக் கூப்பிட்டார். "உனக்கு நாய் பிடிக்குமாம்மா?"

"தெரியல சார்."

"நாய்னா பயமா?"

"அதுவும் தெரியல சார்."

"அப்ப நீதான் சரியான ஆளு" என்று சொல்லி அன்றைக்கே உத்தரவை அடிக்கச் சொல்லிவிட்டார்.

பயிற்சி ஒரே ஒரு நாள். ஜலதோஷம் பிடித்த சட்ட அலுவலர் ஒருவர் மூக்கைச் சிந்திக்கொண்டே பாடம் எடுத்தார். "சட்டம் உங்களுக்கு மூணே மூணு கேள்விதான் குடுத்திருக்கு. நாயைப் பிடிச்சிருக்கிறவர் பேரு, விலாசம் என்ன? நாயோட சொந்தக்காரர் யாரு? நாயை எங்க வெச்சு வளக்குறாங்க? இதுக்கு அவங்க பதில் சொல்லியே ஆகணும். சொல்லலைன்னா குத்தம், பொய் சொன்னாலும் குத்தம். நாலாவதா ஒண்ணு கேட்டீங்கன்னா, 'போய்ட்டு வாங்க'ன்னு அவங்க சொல்லலாம். வாசப்படியைத் தாண்டணும்னா அவங்க சம்மதம் வேணும், இல்லாட்டி கோர்ட்டு உத்தரவு வேணும். எல்லாத்துக்கும் முன்னாடி உங்க அட்டையைக் காட்டணும். அவ்வளவுதான். டீ சாப்பிடலாமா?"

இந்தச் சின்ன அதிகாரத்தைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கிய முதல் வாரத்தில் அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. குட்டையான வெள்ளை நாயோடு போன ஒரு பெரியவரை நிறுத்தி, "பேர் என்னங்க?" என்று கேட்டாள். "ஸ்நோயி" என்றார் அவர். அதையும் மெனக்கெட்டு எழுதிக்கொண்டு, "விலாசம்?" என்று கேட்ட பிறகுதான் அவர் சொன்னது நாயின் பேர் என்று உறைத்தது. இன்னொரு அம்மா கொஞ்சமும் தயங்காமல் தன் நாத்தனாரின் பேரையும் விலாசத்தையும் ஒப்பித்துவிட்டுப் போய்விட்டாள். மறுநாள் நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு நாத்தனார் ஆபீஸ் வாசலில் வந்து குதித்தபோது, அந்த வீட்டில் நாய் என்ன, ஒரு பூனைகூட இல்லை என்று ஊருக்கே தெரிந்தது.

ஆனால் ஒரு வருஷத்துக்குள் அவளுக்கு ஒரு வித்தை கைவந்துவிட்டது. கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வாள். திட்ட மாட்டாள், மிரட்ட மாட்டாள், சட்டப் பிரிவை எடுத்து விட மாட்டாள். பேனாவைத் தாளில் ஊன்றியபடி எதிராளியின் முகத்தைச் சாதுவாகப் பார்த்துக்கொண்டு நிற்பாள். எதிராளி முதலில் சிரித்து மழுப்புவார். பிறகு வானத்தைப் பார்ப்பார். பிறகு நாயைப் பார்ப்பார். அதற்கப்புறம் மடை திறந்த மாதிரி எல்லாம் வந்துவிடும்: சொந்தப் பேர், வீட்டு நம்பர், வில்லை வாங்காத காரணம், மாமனாரோடு நடந்த சண்டை வரைக்கும்.

வீட்டில் அவளும் கணவரும் மட்டும்தான். ஒரே மகள் படிப்புக்காக வெளியூரில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபோனில் வந்து போவாள். கணவர் நகரப் பேருந்தில் டிரைவர். பெரிய உருவம், சின்னக் குரல். மகள் போன புதிதில் ஒருநாள், "நாமளும் ஒரு நாய்க்குட்டி வளத்தா என்ன?" என்று மெல்ல ஆரம்பித்தார்.

"ஏங்க, நாள் பூரா நாயோடயும் நாய்க்காரங்களோடயும் மல்லுக்கட்டிட்டு வர்றேன். வீட்டுக்கு வந்தாலும் வாலாட்ட ஒண்ணு நிக்கணுமா?" என்று அவள் ஒரே போடாகப் போட்டாள். அவர் அதோடு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுக்கவில்லை என்பதால் விட்டுவிட்டார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில்தான் மீட்டர்காரர் வந்தார்.

வீடு வீடாகப் போய்க் கரண்டு மீட்டர் பார்க்கிறவர். ஒல்லியான மனுஷன். ஒரு கால் சட்டையை முழங்கால்வரை சுருட்டி, கெண்டைக்காலில் கட்டுப் போட்டிருந்தார். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள நாலு மாடிக் கட்டடத்தில் மாடிப்படிக்கு அடியில் மீட்டர் பெட்டிகள் இருக்கின்றன. இருட்டில் குனிந்து நம்பர் பார்க்கப் போனவர் எதையோ மிதித்தார். மிதித்தது ஒரு வாலை. வாலுக்குச் சொந்தமான நாய் திரும்பி ஒரு கவ்வு கவ்விவிட்டு, கட்டடத்துக்குள்ளேயே ஓடி மறைந்துவிட்டது.

"ஊசி போட ஆரம்பிச்சாச்சு மேடம். ஆனா நாயைக் கண்டுபிடிச்சு, தடுப்பூசி போட்டதானு கேக்கணும், பத்து நாளு கண்காணிப்புல வெக்கணும்னு டாக்டர் சொல்றாரு. நாய் நல்லா இருந்தா நானும் நல்லா இருப்பேனாம்."

"இப்ப எப்படி இருக்கீங்க?"

"தண்ணியைக் கண்டா பயம் வருதானு மணிக்கு ஒரு டம்ளர் குடிச்சுப் பாக்குறேன் மேடம். பயமெல்லாம் வரல. பாத்ரூமுக்கு ஓடுறதுதான் பொழப்பா இருக்கு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் காலில் இருந்த கட்டைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள். "அந்த நாயோட சொந்தக்காரர் யாருன்னு நான் கண்டுபிடிக்கிறேன்" என்று சொல்லிப் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

அந்தக் கட்டடத்துக்காரர்கள் மாதிரி ஒற்றுமையான ஆட்களை அவள் அதுவரை பார்த்ததில்லை. பழுப்பு நிற நாய், ஒரு காது மடங்கியிருக்கும், தெரியுமா என்று கேட்டால் தெரியும் என்றார்கள். யாருடையது என்று கேட்டால் எங்களுடையது இல்லை என்றார்கள். இரண்டாம் மாடியில் தையல்காரர் ஒருவர் வாயில் ஊசிகளைக் கடித்தபடியே சொன்னார்: "நான் தினம் ரெண்டு முட்டை போடுவேன், அவ்வளவுதான் மேடம். புறாவுக்குக்கூடத்தான் தானியம் போடறேன், அதுக்காக வானத்துல பறக்குற புறா எல்லாம் என்னுதா?" மூன்றாம் மாடியில் அதை ஜெனரல் என்று கூப்பிட்டார்கள். முதல் மாடியில் பிஸ்கட். ஆளாளுக்கு ஒரு பேர் வைத்திருந்தார்கள், ஆளாளுக்கு ஒரு வேளைச் சாப்பாடு போட்டார்கள். தடுப்பூசி போட்டதா என்றால் மட்டும் மேல்மாடிக்காரர் போட்டிருப்பார் என்று கீழ்மாடியும், கீழ்மாடி டீச்சர் போட்டிருப்பாங்க என்று மேல்மாடியும் கையைக் காட்டின.

தரைத்தளத்தில் டியூஷன் டீச்சர் கதவைப் பாதி திறந்து, உடம்பால் மீதிப் பாதியை அடைத்துக்கொண்டு நின்றாள்.

அட்டையைக் காட்டிவிட்டு, "உள்ள வரலாமா டீச்சர்?" என்று கேட்டாள் இவள்.

"கூடாதுங்க."

"சரிங்க. பழுப்பு நாய் ஒண்ணு..."

"எனக்குத் தெரியாது."

டீச்சரின் பின்னால் திரைச்சீலைக்குக் கீழே பழுப்பாக ஒரு வால் நீட்டிக்கொண்டு இருந்தது. தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று தெரிந்தோ என்னவோ, அது சந்தோஷமாகத் தரையைத் தட்ட ஆரம்பித்தது.

"அது என்னங்க?"

"தொடப்பம்."

"ஆடுதே?"

"காத்துக்கு."

இவள் தன் வழக்கப்படி வாயை மூடிக்கொண்டு நின்றாள். ஆனால் டீச்சரும் வாயை மூடிக்கொண்டு நின்றாள். வகுப்பில் சத்தம் போடுகிற பிள்ளைகளை வெறும் பார்வையாலேயே அடக்கிப் பழகியவள். இந்த வித்தையில் அவள் நம் ஆய்வாளருக்கு அக்கா. துடைப்பம் மட்டும் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் இவள்தான் "வர்றேங்க" என்று திரும்பி வந்தாள்.

சூப்பிரண்டு கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். "வீட்டுக்குள்ள இருக்கிற வாலைப் பத்தி நம்மளால ஒண்ணும் செய்ய முடியாதும்மா. கோர்ட்டுக்குப் போனா உத்தரவு வர்றதுக்குள்ள பத்து நாளும் முடிஞ்சிரும். ஆனா நாயின்னு ஒண்ணு இருந்தா வெளிய வந்துதானே ஆகணும்? தெருவுல கயித்தைப் பிடிச்சுக்கிட்டு எவன் வர்றானோ, அவன் நாயைப் பிடிச்சிருக்கிறவன். அவன்கிட்ட மூணு கேள்வியையும் கேளு. தப்பிக்க முடியாது."

அன்று சாயங்காலமே கட்டடத்துக்கு எதிர்ச்சாரியில் இருந்த டீக்கடையில் போய் உட்கார்ந்தாள். நாயை அடையாளம் காட்ட மீட்டர்காரரும் கூட வந்தார். கடைக்காரரிடம் டீ வேண்டாம், தண்ணீர் போதும் என்று கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, "பயம் இல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

வேலை விட்டு வருகிறவர்களின் கூட்டம். பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிலையத்துக்குள் திரும்பிக்கொண்டிருந்தன. கட்டடத்தின் பக்கவாட்டுச் சந்திலிருந்து முதலில் மடங்கிய காது தெரிந்தது. பிறகு பழுப்பு உடம்பு. பிறகு அதன் கழுத்தில் கட்டியிருந்த மஞ்சள் நிற நைலான் கயிறு.

கயிற்றைப் பார்த்ததும் அவளுக்குச் சுருக்கென்றது. ஒரு முனையில் நீலத்துணி வைத்து முடிச்சுப் போட்ட கயிறு. போன மாதம் அவள் வீட்டுப் பால்கனியிலிருந்து காணாமல் போன துணி காயப்போடும் கொடி. காற்றில் பறந்திருக்கும் என்று கணவர் சொன்னார். எந்தக் காற்று இரண்டு முடிச்சையும் அவிழ்த்துவிட்டுப் பறக்கும் என்று அவள் அப்போது யோசிக்கவில்லை.

கயிற்றின் மறுமுனையில் அவரேதான் வந்தார். டிரைவர் சட்டை, கக்கத்தில் சாப்பாட்டுப் பை. ஒரு கையில் பன் வைத்துப் பிய்த்துப் பிய்த்துப் போட்டுக்கொண்டு, நாயிடம் எதையோ விலாவாரியாகச் சொல்லிக்கொண்டு வந்தார். நாயும் தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்டது. அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அவள் பார்த்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

"மேடம்! அதே நாய்! அதே காது!" மீட்டர்காரர் எழுந்து நின்றுவிட்டார். "போய்க் கேளுங்க மேடம், பஸ்ஸுல ஏறித் தப்பிச்சிரப் போறான். டிரைவர் வேற!"

அவள் தெருவைப் பார்த்தாள். கூட்டத்தில் கலந்து நழுவிவிடலாம். வீட்டுக்குப் போய் நாலு கேள்வி கேட்டுக்கொள்ளலாம். ஆனால் பக்கத்தில் அந்த மனுஷன் கட்டுப்போட்ட காலோடு, அவளை மலைபோல் நம்பி நிற்கிறார். கழுத்து அட்டையை நேராக்கிக்கொண்டு தெருவைக் கடந்தாள்.

அவளைக் கண்டதும் டிரைவரின் முகத்தில் ஈயாடவில்லை. கயிற்றை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். நாய் கயிற்றோடு சேர்ந்து முதுகுக்குப் பின்னால் போய், மறுபக்கம் வழியாக எட்டிப் பார்த்தது.

"நகராட்சி நாய்ப் பிரிவு" என்று அட்டையைக் காட்டினாள். "பேர் என்ன?"

"ஏம்மா... என்ன விளையாட்டு இது?"

"நாயைப் பிடிச்சிருக்கீங்க. சட்டப்படி கேக்குறேன். பேர் சொல்லுங்க."

"யாரோ கொஞ்ச நேரம் பிடிச்சுக்கச் சொன்னாங்க..."

"யாரு?"

அவர் விழித்தார். அவள் வாயை மூடிக்கொண்டு, பேனாவைத் தாளில் ஊன்றிக்கொண்டு நின்றாள். டீக்கடையில் டம்ளர் சத்தம் நின்றது. கட்டடத்தின் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. இரண்டாம் மாடியில் வாய் நிறைய ஊசிகளோடு தையல்காரர், தரைத்தளத்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி டீச்சர். டிரைவர் வானத்தைப் பார்த்தார். பிறகு நாயைப் பார்த்தார். பிறகு, கல்யாணப் பதிவின்போது சொன்னதைவிடத் தெளிவாகத் தன் முழுப் பேரையும் அப்பா பேரையும் சேர்த்துச் சொன்னார்.

"விலாசம்?"

அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் எழுதி முடித்திருந்தாள். மீட்டர்காரர் எட்டிப் பார்த்து வாயைப் பிளந்தார். "எப்படி மேடம், அந்தாளு சொல்றதுக்கு முன்னாடியே எழுதிட்டீங்க?"

"பழக்கந்தான்" என்றாள் அவள். "நாயோட சொந்தக்காரர் யாரு?"

டிரைவர் ஜன்னல்களை ஒருமுறை பார்த்தார். எந்த ஜன்னலும் பேசவில்லை. டீச்சரின் கண்கள் கெஞ்சின. நாலு மாடியின் பேரையும் அவர் வரிசையாகச் சொல்லியிருக்கலாம். யார் வீட்டில் என்ன சாப்பாடு என்பதுவரை அவருக்குத் தெரியும். கயிற்றைக் கையில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டார்.

"நான்தான்."

"எங்க வெச்சு வளக்குறீங்க?"

"என் வீட்டுல."

அவள் தலை நிமிர்ந்தாள். "பொய் சொன்னா அதுவும் குத்தம். தெரியும்ல?"

"இன்னைக்கு ராத்திரியிலேர்ந்து நெசம்" என்றார் டிரைவர்.

மறுநாள் காலை சூப்பிரண்டிடம் போய் நடந்ததை மறைக்காமல் சொன்னாள். அவர் வயிறு குலுங்கச் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து, இந்த வழக்கை நான் பார்க்கக் கூடாது, வேறு ஆளிடம் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டாள். வழக்கு மேற்குப் பகுதி ஆய்வாளருக்குப் போனது. இளைஞன், வேலையில் சூரப்புலி. தினம் மத்தியானம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் டப்பாவிலிருந்து எடுத்துச் சாப்பிடுகிறவன்தான். அன்று சாயங்காலம் அவள் வீட்டு வாசலில் வந்து நின்று, தொண்டையைக் கனைத்து, அட்டையை நீட்டினான்.

"நாயைப் பொறுப்புல வெச்சிருக்கிறவங்க பேரு, விலாசம் சொல்லுங்க."

"தம்பி, என் பேரு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்கா. ஆனா நீங்க சொல்லணும். நீங்கதானே எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க?" என்று சொல்லிவிட்டு, பேனாவைத் தாளில் ஊன்றி வாயை மூடிக்கொண்டு நின்றான்.

அவளுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. என் வீட்டு வாசலில் நின்றுகொண்டு என்னையே கேட்கிறானா? காது மடல் சூடாவது தெரிந்தது. நாலு வருஷமாகப் பூங்காவிலும் தெருமுனையிலும் எத்தனை பேர் முகம் இப்படிச் சிவந்ததைப் பார்த்திருக்கிறாள்! அப்போதெல்லாம் எதையோ மறைக்கிறார்கள் என்று நினைத்தாள். இப்போது மறைக்க ஒன்றுமில்லாமலேயே சிவக்கிறது. பேரைச் சொன்னாள். விலாசத்தைச் சொன்னாள்.

"உள்ள வந்து நாயைப் பாக்கலாமா?"

"கூடாது!" என்று அவளை மீறி வார்த்தை வந்துவிட்டது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவளே சிரித்து, "வந்து தொலை. செருப்பை வெளிய விடு, அது கடிச்சிரும்" என்றாள்.

நாய் கடித்தது செருப்பை மட்டும்தான். முதல் இரண்டு நாள் அவள் அதனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை, கணவரிடமும்தான். சாப்பாட்டுத் தட்டை வைக்கிற சத்தத்தில் இரண்டு பேருக்கும் ஒரே அளவு மரியாதை கிடைத்தது. மூன்றாம் நாள் சாப்பிடும்போது அவளே வாயைத் திறந்தாள்.

"எத்தனை மாசமா நடக்குது இந்தக் கூத்து?"

"மூணு இருக்கும்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நீ கேக்கலையே."

"ஊரு பூரா போயி நான் கேக்குறதே இதைத்தானே!"

"ஊர்ல கேக்குறே. என்கிட்ட கடைசியா நீ என்ன கேட்டேன்னு ஞாபகம் இருக்கா? 'லைட்டை அணைச்சாச்சா?'" அவர் குரலில் கோபம் இல்லை. சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார். "நீ நாள் பூரா பேசிட்டு வர்றே. வீட்டுக்கு வந்தா உனக்குச் சத்தமே ஆகாது. என் பாடு நேர் எதிர். காலையில ஏறுனா சாயங்காலம் வரைக்கும் டிரைவர்கிட்ட யாரும் பேசக் கூடாதுன்னு போர்டே மாட்டியிருக்காங்க. புள்ளையும் போயிட்டா. ஒருநாள் ஸ்டாண்டுல வண்டியை நிறுத்திட்டு எறங்குறேன், இது வந்து முன்னாடி உக்காந்துது. 'என்னடா கண்டக்டர், இன்னைக்கு எவ்வளவு கூட்டம் தெரியுமா'ன்னேன். வாலை ஆட்டிச்சு. அப்புறம் தினம் வந்துச்சு."

"கண்டக்டரா?"

தன் பேரைக் கேட்டதும் நாய் மேஜைக்கு அடியிலிருந்து எழுந்து வந்து அவள் முழங்காலில் தாடையை வைத்தது. அவள் அதைத் தள்ளிவிடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இன்னைக்கு உங்க வண்டியில கூட்டமா?" என்று கேட்டாள். அவர் சொல்ல ஆரம்பித்தார். ஒரு ஸ்டாப்புக்கு முன்னால் இறங்கிவிட்டுத் தன்னைத் திட்டிய பயணியிலிருந்து ஆரம்பித்து, பாத்திரம் கழுவி முடிக்கும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

கண்காணிப்பு நடந்த நாட்களில் மேற்குப் பகுதி ஆய்வாளனைவிட ஒழுங்காக வந்தவர் மீட்டர்காரர். டிரைவருக்கும் ஆய்வாளருக்கும் என்ன உறவு என்று முதல் நாளே தெரிந்துவிட, "அதான் விலாசம் அவ்வளவு வேகமா வந்துச்சா!" என்று தலையில் அடித்துக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே நின்று, நாய் தண்ணீர் குடிக்கிறதா என்று பார்ப்பார். அது குடித்தால் தன் புட்டியைத் திறந்து அவரும் குடிப்பார். இரண்டு மடக்கு அது, இரண்டு மடக்கு இவர். ஒருவர் நலத்துக்கு மற்றவர் குடிக்கிற மாதிரி இருக்கும். பிறகு ஜன்னலுக்கு வெளியிலிருந்து வாசலுக்கும், வாசலிலிருந்து கூடத்துக்கும் வந்தார். "தப்பு என் மேலயும் இருக்கு மேடம். நானும்தானே மிதிச்சேன்" என்றார் ஒருநாள்.

பத்து நாளும் முடிந்தது. நாய்க்கு ஒரு குறையும் இல்லை என்று கால்நடை மருத்துவர் எழுதிக் கொடுத்து, தடுப்பூசியும் போட்டார். வில்லை வாங்காமல் நாய் வளர்த்ததற்கு டிரைவருக்கு அபராதம் விழுந்தது. வரிசையில் நின்று கட்டிவிட்டு, ரசீதை என்னவோ பரிசு வாங்கிய மாதிரி சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார்.

அன்று சாயங்காலம் நாலு மாடிக் கட்டடம் திரண்டு வந்தது. தையல்காரர், மூன்றாம் மாடித் தம்பதி, டியூஷன் டீச்சர். கூடத்தில் உட்கார இடமில்லை. ஆளுக்கொரு பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். நாய் எல்லாப் பேருக்கும் ஓடி ஓடிப் போய் மூச்சு வாங்கியது.

"அழைச்சுட்டுப் போகலாம்னு வந்தோம் மேடம்" என்றார் தையல்காரர்.

"தாராளமா அழைச்சுட்டுப் போங்க" என்றாள் அவள். "யாரு பேருல?"

பத்து நாளைக்கு முன்னால் ஜன்னல்கள் பேசாமல் இருந்த மாதிரியே கூடமும் பேசாமல் இருந்தது. தையல்காரர் காலண்டரைப் பார்த்தார். டிரைவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாயின் காதை அவர் கை தன்னையறியாமல் நீவிக்கொண்டிருந்தது. அவர் மட்டும் விட்டுக் கொடுக்க மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளும் சரி என்றுதான் சொல்லியிருப்பாள். அவர் சொல்லவில்லை.

டீச்சர் எழுந்து நின்றாள். வகுப்பில் பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி கைகளைக் கட்டிக்கொண்டு, தன் பேரை முழுசாகச் சொன்னாள். கதவு நம்பர், மாடி, தெரு எல்லாவற்றையும் சொன்னாள். "என் பேருல எழுதிக்குங்க. குட்டியா மாடிப்படிக்கு அடியில கெடந்தப்ப தூக்கிட்டு வந்து பால் குடுத்தது நான்தான். நாய் வெச்சா காலி பண்ணச் சொல்லிருவேன்னு வீட்டுக்காரர் ஒப்பந்தத்துலயே எழுதியிருக்கார். அதான் பயந்துட்டேன். அன்னைக்கு நீங்க தெருவுல நின்னு 'நான்தான்'னு சொன்னீங்க பாருங்க" என்று டிரைவரைப் பார்த்தாள். "அதுக்கப்புறம் எனக்குச் சோறே எறங்கல."

"இப்ப வீட்டுக்காரர்?" என்று கேட்டாள் இவள்.

"மத்தியானந்தான் ஃபோன் பண்ணேன். கையெல்லாம் வேர்த்துருச்சு. 'பழுப்பு நாயா? காது மடங்கி இருக்குமே, அதுவா? நான் வாடகை வாங்க வர்றப்ப எல்லாம் அதுக்கு ஒரு பன் வாங்கிட்டுத்தானே வர்றேன்'ங்கிறார்!"

கூடம் வெடித்துச் சிரித்தது. என்ன ஏதென்று தெரியாமல் நாயும் குரைத்தது.

இப்போது அந்த நாயின் கழுத்தில் நகராட்சி வில்லை இருக்கிறது. சொந்தக்காரர் டீச்சர். மாடிப்படிக்கு அடியில் தையல்காரர் ஒரு விளக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார். மீட்டர்காரர் அங்கே வரும்போது தெருவிலிருந்தே பிஸ்கட், ஜெனரல், கண்டக்டர் என்று தெரிந்த பேரையெல்லாம் கூவிக்கொண்டுதான் உள்ளே நுழைகிறார். பூங்காவில் பேர்விலாசம் இன்னும் பேர்விலாசம்தான். சிலர் இன்னும் சந்துக்குள் ஓடுகிறார்கள். ஒன்று மட்டும் மாறியிருக்கிறது: கேள்வி கேட்பதற்கு முன்னால், "பயப்படாதீங்க, ஒரு நிமிஷ வேலைதான்" என்று சொல்கிறாள். அதனால் உண்மை சொல்கிறவர்கள் கூடிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் முகம் சிவக்கிறவர்கள் குறைந்திருக்கிறார்கள்.

சாயங்காலங்களில் டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கும்போது நாய் வந்து உட்கார்ந்திருக்கும். பெரும்பாலும் அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவளும் நிற்பாள். மூவருமாக ஏரிக்கரை வரை நடப்பார்கள். அன்று கேட்ட பொய்களை அவள் சொல்லுவாள்.

"இன்னைக்கு ஒருத்தர், இது நாயே இல்லீங்க, நரின்னுட்டார்."

"நீ என்ன சொன்னே?"

"நரிக்குத் தனிப் பிரிவு இருக்கு, அவங்களைக் கூப்பிடவான்னேன். உடனே பேரு, விலாசம் எல்லாம் வந்துருச்சு."

டிரைவர் நின்று, இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரித்தார். எதிரே வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற மாதிரி சத்தமான சிரிப்பு. அவ்வளவு பெரிய உருவத்துக்குள் இருந்து ஒருவழியாக அதற்கேற்ற குரல் வெளியே வந்துவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.